மிச்ச எழுத்து

கொண்டலாம்பட்டி ஃபைனான்ஸ் யார்டில்
பறிமுதலாகி நின்ற பதினோரு வண்டிகளில்
என் பணத்துக்கு அடங்கியது இது ஒன்றுதான்.
வெள்ளை. கிளட்ச் கடினம்.
டிரைவர் பக்கக் கதவில் ஒரு பெயர்.

பெயர் இருந்தது என்றும் சொல்ல முடியாது.
ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் சாவி கொடுத்தார்கள்.
ஆறு வருட வெயில்
சுற்றியிருந்த வெள்ளையைப் பழுக்க வைத்துவிட,
எழுத்து மூடியிருந்த இடம் மட்டும்
ஷோரூம் வெள்ளையில் மீந்திருந்தது:
தன்ஷிகா.

மண்ணெண்ணெய் போட்டேன். பற்பசை போட்டேன்.
தேய்க்கத் தேய்க்கத் துலங்கினாள்.

ஐந்து ரோட்டுக் கடையில்
காட்டெருமை எண்ணூறு ரூபாய்.
ஒட்டுகிற கூலி ஆயிரத்து இருநூறு.
எருமையை விட மேய்க்கிறவனுக்கு அதிகமா என்றேன்.
கடைக்காரன் சிரிக்காமல் சுருட்டிக் கொடுத்தான்.
"காத்து கிளம்புறதுக்குள்ள ஒட்டிருங்க அக்கா."

ஞாயிற்றுக்கிழமை, கன்னங்குறிச்சி, காலை ஐந்தரை.
சலூன் குணாளன்
தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலும் ஹேர் டிரையரும் தந்தான்.
ஷாம்பு பாக்கெட் ஒன்றை நானே கலக்கினேன்.
நீவுவதற்கு, ஓரத்தில் துணி சுற்றிய ரேஷன் கார்டு;
சர்க்கரை வாங்கித் தந்ததற்கு அப்புறம்
அது உருப்படியாய்ச் செய்த வேலை.

பின்தாளைப் பிரித்த நொடியில்
வால் போய் முதுகில் ஒட்டிக்கொண்டது.
பிரித்தோம். மறுபடி ஒட்டிக்கொண்டது.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தபடி
ஈரக் குழந்தையைத் தூக்குவதுபோல்
நான்கு முனையிலும் தூக்கிக் கிடத்தினோம்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு,
நடுவிலிருந்து ஓரத்துக்கு,
தண்ணீர் வழிந்து என் செருப்பை நிறைத்தது.
வயிற்றில் ஒரு கொப்புளம்.
ஊசியால் குத்தி, சூடு காட்டி, அழுத்தினால்
பக்கத்தில் குட்டிக் கொப்புளம்.
"முடி காயறதுக்குள்ள எருமை காஞ்சிடும் போல"
என்றான் குணாளன்.

கதவு இடுக்கில் பிளேடு வைத்து
கழுத்தை அறுத்தே ஆகவேண்டும்.
அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
இனி நான் ஏறும்போதும் இறங்கும்போதும்
தலை தனி, உடம்பு தனி.

எல்லாம் முடிந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தால்
அளவு நான்கு விரல் குறைவு.
தன்ஷி போய்விட்டாள்.
மூக்குக்கு முன்னால்
எருமையே வாய்விட்டுச் சொன்னதுபோல்
கா.

மீந்த சீட்டில் துண்டு வெட்டினேன்.
வைத்துப் பார்த்தேன்.
அந்தத் துண்டு இப்போது டூல் பெட்டியில், ஸ்பேனருக்கு அடியில்.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் கேட்டார்கள்:
"கா-ன்னா காடா அக்கா?"
காய் வண்டி என்று சொல்லி வைத்தேன்.
நாகலூரில் பீன்ஸ் மூட்டை ஏற்றிய கிழவி
"காப்பாத்துன்னு எழுதிருக்கியே, யாரை?" என்றாள்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை;
எடை சரியா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

கொம்பு நுனி உரிய ஆரம்பித்துவிட்டது.
விடிகாலையில் கட்டைவிரலால் அழுத்தி விடுகிறேன்,
வெயில் ஏறியதும் எழுந்துகொள்கிறது.

போன வியாழன், லீ பஜார்.
மூட்டை இறக்க வந்த புது ஆள்
எருமையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
தலைத்துண்டை அவிழ்த்து
கதவில் படிந்த வெள்ளைக்கல் தூசியைத் துடைத்தான்,
அந்த ஓர் எழுத்தின் அகலத்துக்கு மட்டும்.
பிறகு எத்தனை மூட்டை என்று கேட்டான்.
இருபத்தி மூன்று என்றேன்.

கடைசி மூட்டையைத் தோளில் ஏற்றியவன்
எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:
"ரெண்டுலேர்ந்து மூணு போடறப்ப
கிளட்ச்ச ரெண்டு தடவ மிதிங்க.
மொதல்லேர்ந்தே அப்படித்தான் அது."

நான் அதைப் பற்றி அவனிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

மறுநாள் வெறும் வண்டி, ஏற்றம்,
ஏழாவது வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் நிமிர்கிற இடம்.
இரண்டு தடவை மிதித்தேன்.
வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது கியர்.
எத்தனாவது படிக்கிறாள் என்றாவது
கேட்டிருக்கலாம்.